ஆஃப்டர்மார்க்கெட் இசியூ பொருத்திய எஞ்சினில் ஸ்பார்க் வராதபோது: பழுதைக் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

எஞ்சினோடு வந்த இசியூவை, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியை, கழற்றிவிட்டு மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ, ஹால்டெக், லிங்க் போன்ற ஒன்றைப் பொருத்துகிறவர்களுக்கு முதல் ஸ்டார்ட்டின்போது அடிக்கடி எதிர்ப்படும் தடை, ஸ்பார்க் வராமல் இருப்பதுதான். செல்ஃப் அடிக்கிறது, எஞ்சின் சுழல்கிறது, பெட்ரோல் பம்பின் ஓசையும் கேட்கிறது; பிளக்கில் மட்டும் பொறி இல்லை. இந்த நிலையில் பலரும் முதலில் காயிலை மாற்றுகிறார்கள், பிறகு சென்சாரை மாற்றுகிறார்கள், கடைசியில் இசியூவையே சந்தேகிக்கிறார்கள். இந்த வரிசையே தவறானது. கம்பெனி இசியூவில் எந்தச் சென்சார், சக்கரத்தில் எத்தனை பல், எந்த வகைக் காயில் என்பவை எல்லாம் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டவை. புதிய இசியூவிலோ அந்த முடிவுகள் அனைத்தையும் பொருத்துகிறவரே எடுத்து, அமைப்புகளில் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே புதிதாகப் பொருத்திய வண்டியில் பழுது ஏதேனும் ஒரு பாகத்துக்குள் ஒளிந்திருப்பது குறைவு. இசியூவிடம் சொல்லப்பட்டதும் எஞ்சினில் உண்மையில் இருப்பதும் ஒத்துப்போகாமல் இருப்பதே மிகுதி.

பொறி பிறக்கும் பாதை எல்லா இசியூவிலும் ஒன்றுதான். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கோடு சேர்ந்து சுழலும் சக்கரத்தின் பற்களைப் பார்த்து கிராங்க் சென்சார் சிக்னல் தருகிறது. இசியூ அதைச் சதுர அலையாக மாற்றி, அந்தச் சக்கரத்தில் குறிப்புக்கென்றே விடுபட்ட பல்லை அடையாளம் கண்டு, கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கணக்கிடுகிறது. அதன்பின் இக்னைட்டருக்குக் கட்டளை அனுப்புகிறது. இக்னைட்டர் காயிலின் பிரைமரி மின்னோட்டத்தைச் சற்று நேரம் ஓடவிட்டு வெட்டுகிறது. வெட்டிய கணத்தில் செகண்டரியில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பாய்கிறது. இந்தப் பாதையை நடுவில் வெட்டிப் பார்க்க இரண்டு கேள்விகள் போதும். எஞ்சின் சுழலும்போது லேப்டாப் திரையில் ஆர்பிஎம் தெரிகிறதா? எஞ்சின் நின்ற நிலையில், இசியூவின் டெஸ்ட் மோடு வழியாகக் காயிலை இயக்கினால் பொறி வருகிறதா? முதல் கேள்விக்கு இல்லை என்று விடை வந்தால் சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு இல்லை என்றால் காயில் பக்கம். இரண்டுக்கும் ஆம் என்றால் இடையில் உள்ள அமைப்புகளில்தான் தவறு. இந்த இரண்டு விடைகளும் கைக்கு வரும்வரை ஒரு பாகத்தையும் மாற்றக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தொடங்கும் முன்

இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிடுங்கள், அல்லது இன்ஜெக்டர் ஃப்யூஸை எடுத்துவிடுங்கள். பல முறை ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டியிருக்கும் என்பதால், அவ்வளவு நேரமும் பெட்ரோல் உள்ளே இறங்கினால் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டுவிடும், பிளக்கும் நனைந்து, பொறி வந்தாலும் வராததுபோல் காட்டும். ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் ஓட்டாமல், இடையிடையே ஆறவிடுங்கள்.

பிளக் வயரைக் கழற்றி அந்தரத்தில் தொங்கவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றும் பழைய வழக்கத்தை இங்கே முற்றிலும் கைவிட வேண்டும். பாய வழியில்லாத உயர் மின்னழுத்தம் காயிலின் உறையைத் துளைத்தோ, இக்னைட்டர் வழியாகவோ வெளியேறப் பார்க்கும். சில இசியூக்களில் இக்னைட்டர் உள்ளேயே இருப்பதால் அதன் விளைவு விலை உயர்ந்ததாக இருக்கும். இடைவெளியை மாற்றக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் ஒன்றை வாங்கி, அதன் கிளிப்பைச் சிலிண்டர் ஹெட்டின் சுத்தமான உலோகத்தில் மாட்டிப் பயன்படுத்துங்கள். இசியூவில் ஃபர்ம்வேர் ஏற்றும்போது காயில் கனெக்டர்களைக் கழற்றிவைப்பதும் அவசியம், ஏனெனில் அந்த நேரத்தில் அவுட்புட் பின்கள் எந்த நிலையில் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒரு காயில் தொடர்ந்து ஆன் நிலையில் நின்றுவிட்டால் சிறிது நேரத்திலேயே கொதித்துப்போகும்.

முதல் படி: செல்ஃப் அடிக்கும்போது மின்சாரம் இருக்கிறதா

சாவியை ஆனில் வைத்து அளந்தால் எல்லாமே 12 வோல்ட் காட்டும். அந்த அளவு எதையும் நிரூபிக்காது. அளக்க வேண்டியது ஸ்டார்ட்டர் சுழலும் நேரத்தில். பல வண்டிகளின் சாவி சுவிட்சில் ஆன் நிலையில் மின்சாரம் வரும் சில வயர்கள், சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பியதும் துண்டிக்கப்படும். மின்விசிறி, ரேடியோ போன்றவற்றுக்குப் போகும் வயர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. அப்படிப்பட்ட ஒரு வயரிலிருந்து இசியூவுக்கோ காயில் ரிலேவுக்கோ மின்சாரம் எடுத்திருந்தால், பொறி தேவைப்படும் அதே நேரத்தில் அவை அணைந்துவிடும். இதற்குத் தனி அடையாளம் உண்டு: செல்ஃப் அடித்தவுடன் லேப்டாப்பில் இணைப்பு அறுந்து, சாவியை விட்டதும் மீண்டும் வரும், சில சமயம் சாவி ஸ்டார்ட்டிலிருந்து ஆனுக்குத் திரும்பும் நொடியில் எஞ்சின் ஒரு முறை துள்ளும்.

மல்டிமீட்டரின் ஒரு முனையை இசியூவின் சப்ளை பின்னிலும் மற்றொன்றை இசியூவின் எர்த் பின்னிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். 10 வோல்ட்டுக்கு அருகிலோ மேலோ நின்றால் நல்லது. 8 அல்லது 9 என்று இறங்கினால் பேட்டரியையும் தடித்த கேபிள்களையும் முதலில் சரிசெய்யுங்கள். அடுத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றொன்றை இசியூவின் எர்த் பின்னிலும் வைத்து, சுழலும்போது அளவு 0.2 வோல்ட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் எர்த் பாதையில் எங்கோ தடை இருக்கிறது. காயில் எர்த்தை நேராகச் சிலிண்டர் ஹெட்டிலும், இசியூவின் பவர் எர்த்தை எஞ்சின் பிளாக்கில் ஒரே இடத்திலும் இறுக்கி, சென்சார்களின் எர்த்தை இசியூவின் சென்சார் எர்த் பின்னுக்கே கொண்டுவருவது நம்பத்தக்க முறை. பாடியில் கிடைத்த போல்ட்டில் எல்லாவற்றையும் சேர்த்து மாட்டினால், பின்னால் வரும் படிகளில் விளக்கமே கிடைக்காத குழப்பங்கள் வந்து சேரும்.

இரண்டாம் படி: ஆர்பிஎம் காட்டுகிறதா

மென்பொருளைத் திறந்து, ஸ்டார்ட்டரைச் சுழற்றி, ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். ஆரோக்கியமான எஞ்சினில் 150 முதல் 300 வரை, ஓரளவு நிலையாக நிற்க வேண்டும். பூஜ்யத்தில் கிடந்தாலும், 0, 900, 40, 3000 என்று தாவினாலும் இசியூவுக்குக் கிராங்கின் நிலை தெரியவில்லை என்றே பொருள்; நிலை தெரியாமல் எந்த நல்ல இசியூவும் பொறி தராது, தரவும் கூடாது.

சென்சார் எந்த வகை என்பதை உறுதி செய்வது முதல் வேலை. பொதுவாக இரண்டு வயர் உள்ளது விஆர் சென்சார். அதற்கு மின்சாரம் தேவையில்லை, உள்ளே காந்தமும் கம்பிச்சுருளும் மட்டுமே உண்டு. மூன்று வயர் உள்ளது பெரும்பாலும் ஹால் சென்சார். ஆனால் விஆர் சென்சாரில் ஷீல்டுக்கென மூன்றாவது வயர் வருவதும் உண்டு என்பதால், வயரை எண்ணுவதோடு நிறுத்திவிடாமல் மீட்டரை வைத்துப் பாருங்கள். விஆர் சென்சாரின் இரு பின்களுக்கிடையே சில நூறு ஓமிலிருந்து இரண்டாயிரம் ஓம் சொச்சம் வரை காட்டும். ஏசி வோல்ட் நிலையில் மீட்டரை வைத்து எஞ்சினைச் சுழற்றினால் அரை வோல்ட்டாவது எழ வேண்டும். எழாவிட்டால் சென்சாருக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். பெரும்பாலான அமைப்புகளில் 0.5 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். சுழலும் வேகம் குறைவாக இருக்கும்போது விஆர் சென்சாரின் சிக்னலும் சிறியதாகவே இருக்கும் என்பதால், ஓடும் எஞ்சினுக்குப் பொருந்தும் இடைவெளி ஸ்டார்ட் செய்யும்போது போதாமல் போகலாம்.

ஹால் சென்சாருக்கு 5 அல்லது 12 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல் என்று மூன்றும் வேண்டும். இவற்றில் பல, சிக்னலைக் கீழே இழுக்க மட்டுமே தெரிந்தவை. மேலே தூக்க ஒரு புல்-அப் ரெசிஸ்டர் தேவை. அது இசியூவில் இல்லாமலோ, அமைப்பில் அணைக்கப்பட்டோ இருந்தால் சென்சார் முழு ஆரோக்கியத்துடன் இருந்தும் சிக்னல் பின் பூஜ்யத்திலேயே கிடக்கும். இதைச் சோதிக்க, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே சிக்னல் பின்னை அளந்தால், ஒவ்வொரு பல்லுக்கும் அளவு பூஜ்யத்துக்கும் சப்ளை அளவுக்கும் இடையே மாறுவது கண்ணுக்குத் தெரியும்.

சிக்னல் இருந்தும் ஆர்பிஎம் இல்லை என்றால், இசியூவின் உள்வாங்கும் பகுதியைப் பாருங்கள். மெகாஸ்குவர்ட் வி3.0, வி3.57 போர்டுகளில் விஆர் பகுதியின் உணர்திறனை ஆர்52, ஆர்56 என்ற இரு சிறு திருகுகள் தீர்மானிக்கின்றன. தொடக்கத்தில் இரண்டையும் இடஞ்சுழியாக முழுவதும் திருப்பிவைப்பது வழக்கம். இவை பல சுற்றுச் சுழல்பவை, எல்லையில் நிற்காமல் மெல்லிய சொடுக்கு ஒலி மட்டுமே தருபவை என்பதால், ஒரு சுற்றோடு விட்டுவிடக்கூடாது. ஸ்பீடுயினோவின் பொதுவான போர்டுகளில் விஆர் சென்சாருக்குத் தனியாக ஒரு கண்டிஷனர் சிப் போர்டு வேண்டும். ஹாலா, விஆரா என்று தேர்ந்தெடுக்கும் ஜம்பர்களும் சரியான பக்கம் இருக்க வேண்டும்.

இனி, இந்த வேலையில் கிடைக்கும் கருவிகளிலேயே மிகப் பயனுள்ளதான டூத் லாகர். டியூனர்ஸ்டுடியோ போன்ற மென்பொருள்களில் இது உண்டு. மற்ற நிறுவனங்கள் டிரிகர் ஸ்கோப் என்ற பெயரில் இதற்கு ஒப்பானதைத் தருகின்றன. ஒவ்வொரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைப்பட்ட நேரத்தை ஒரு கம்பமாக இது வரைந்து காட்டும். 36-1 சக்கரத்தில் (36 பல்லுக்கான இடத்தில் ஒன்று விடுபட்டது) பற்கள் 10 பாகைக்கு ஒன்றாக அமைந்திருப்பதால், ஏறக்குறைய ஒரே உயரக் கம்பங்கள் முப்பத்து நான்கும் அதன்பின் இரண்டு மடங்கு உயரமான ஒன்றும் வர வேண்டும். 60-2 சக்கரத்தில் பல்லுக்கு 6 பாகை. அங்கே உயரமான கம்பம் மூன்று மடங்கு இருக்கும். கம்பிரஷன் வரும்போது எஞ்சின் தயங்குவதால் சிறிய கம்பங்களின் உச்சி அலைபோல் ஏறி இறங்கும், அது இயல்பு. அந்த அலை, விடுபட்ட பல்லை மறைக்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் பேட்டரி வலுவில்லை என்று கொள்ளலாம். பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுழற்றினால் அலை அடங்கி உண்மை தெரியும்.

36-1 சக்கரத்தில் விடுபட்ட பல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே உயரமான கம்பத்துக்குப் பதிலாக, ஒன்றரை மடங்கு உயரத்தில் இரண்டு கம்பங்கள் அடுத்தடுத்து நின்றால், விஆர் சென்சாரின் இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கின்றன என்று உறுதியாகச் சொல்லலாம். சரியான முனைமாற்றத்தில் (போலாரிட்டி) சிக்னல் பல்லின் நடுவில் கூர்மையாகப் பூஜ்யத்தைக் கடக்கும். மாறியிருந்தால் இரு பற்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தின் நடுவைத்தான் இசியூ பல்லாக எண்ணிக்கொள்கிறது, விடுபட்ட இடத்தின் அகன்ற பள்ளமோ அந்த உயரமான கம்பத்தை இரண்டாகப் பிளக்கிறது. வயர்களை இடம் மாற்றினாலே தீர்ந்துவிடும் இந்தப் பழுதுக்காகச் சென்சாரை மாற்றியவர்கள் ஏராளம். மாற்றிய புதிய சென்சாரும் அதே தவற்றையே காட்டும் என்பதுதான் வேதனை.

சீரற்ற இடங்களில் குட்டைக் கம்பங்கள் தோன்றினால் அது இரைச்சல். சென்சார் வயரை ஸ்டார்ட்டர் கேபிளிலிருந்தும் காயில் வயர்களிலிருந்தும் விலக்கி, ஷீல்டு உள்ள வயரைப் பயன்படுத்தி, ஷீல்டை இசியூ பக்கத்தில் மட்டும் எர்த் செய்யுங்கள். இரு முனையிலும் எர்த் செய்தால் ஷீல்டே மின்னோட்டத்தைச் சுமக்கத் தொடங்கிவிடும். மென்பொருளில் உள்ள இரைச்சல் வடிகட்டியை முதலிலேயே ஏற்ற வேண்டாம். அது நல்ல பற்களையும் விழுங்கக்கூடும்.

மூன்றாம் படி: ஆர்பிஎம் உண்டு, பொறி இல்லை

இப்போது சிங்க் நிலையை, அதாவது இசியூ கிராங்கின் நிலையோடு ஒத்திசைந்திருக்கிறதா என்பதை, பாருங்கள். பிளக்குக்கு ஒரு காயில் வீதம் வரிசைமுறையில் இயக்கும் அமைப்பில், எந்தச் சிலிண்டர் கம்பிரஷனில் இருக்கிறது என்பதைக் கேம் சென்சார் சொன்னால்தான் பல இசியூக்கள் பொறி தரும். அமைப்பைத் தற்காலிகமாக வேஸ்டட் ஸ்பார்க் முறைக்கு (கிராங்கின் ஒவ்வொரு சுற்றிலும் இரு சிலிண்டர்களுக்கு ஒரே நேரத்தில் பொறி தருவது) மாற்றிப் பாருங்கள். அப்போது கிராங்க் சென்சார் மட்டுமே போதும். பொறி வந்துவிட்டால் கேம் சென்சாரை நோக்கிப் போங்கள். சிங்க் இழப்பு எண்ணிக்கை சுழலும்போது ஏறிக்கொண்டே போனால், பற்களின் எண்ணிக்கையும் விடுபட்ட பற்களின் எண்ணிக்கையும் அமைப்பில் சரியாக உள்ளனவா என்று பார்த்துவிட்டு இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

பொறியைத் தடுக்கும் அமைப்புகள் வேறு சிலவும் உண்டு. ரெவ் லிமிட்டர் தவறுதலாக மிகக் குறைந்த ஆர்பிஎம்மில் வைக்கப்பட்டிருக்கலாம். லாஞ்ச் கண்ட்ரோலுக்கான (நின்ற இடத்திலிருந்து வேகமாகப் புறப்பட உதவும் அமைப்பு) கிளட்ச் சுவிட்ச் எதுவும் இணைக்கப்படாமல் அந்த பின் எப்போதும் அழுத்தப்பட்டதாகத் தெரியலாம். ஆயில் பிரஷர் இல்லையென்று எஞ்சின் பாதுகாப்பு இக்னிஷனை வெட்டலாம். அவுட்புட் பின்னே எந்தக் காயிலுக்கும் ஒதுக்கப்படாமல் இருக்கலாம். மென்பொருளின் நிலைக் குறியீடுகளை ஸ்டார்ட்டர் சுழலும்போதே ஒரு பதிவாக எடுத்துவைத்துப் பிறகு நிதானமாகப் படித்தால் இவை ஒவ்வொன்றும் புலப்படும்.

ஃபோர்டின் இடிஐஎஸ் மாட்யூலைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மாட்யூல் 36-1 சக்கரத்தைத் தானே படித்து, இசியூவின் சிக்னல் வராவிட்டாலும், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 பாகை முன்னதாகப் பொறி தரும். ஆகவே அங்கே பொறி இல்லையென்றால் இசியூவைத் தொடவே வேண்டாம். மாட்யூலின் சப்ளை, எர்த், சென்சார், காயில் ஆகியவற்றோடு தேடல் முடிந்துவிடும்.

நான்காம் படி: டெஸ்ட் மோடும் காயிலும்

எஞ்சின் நிற்கும்போது, ட்வெல்லை (காயிலில் மின்னோட்டத்தை ஓடவிடும் நேரம்) 2 அல்லது 3 மில்லிவிநாடியாக வைத்து, ஒவ்வொரு காயிலாக டெஸ்ட் மோடில் இயக்குங்கள். அதற்கு முன் சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவி தேங்கியிருக்கக்கூடாது. பிளக்கில் சோதிக்காமல், காயிலை வெளியே எடுத்து டெஸ்டரில் மாட்டிச் சோதிப்பதே பாதுகாப்பு.

பொறி வராவிட்டால், காயில் எந்த வகை என்ற கேள்வி முதலில் நிற்கிறது. இரண்டு பின் மட்டும் உள்ள காயிலில் இக்னைட்டர் இருக்காது; வெளியே ஒன்று வேண்டும். அதை இசியூவின் சிக்னல் பின்னில் நேராக மாட்டினால் பொறி வராததோடு, பின்னும் கருகிப்போகலாம். பின்களுக்கிடையே 0.4 முதல் 1 ஓம் வரை காட்டுபவை இன்றைய வகை. பழைய உருளைக் காயில்கள் 3 ஓம் வரை காட்டும். நான்கு பின் கொண்ட ஸ்மார்ட் காயில்களில் இக்னைட்டர் உள்ளேயே இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் காயிலில், எடுத்துக்காட்டாக, 12 வோல்ட், பவர் எர்த், சிக்னல் எர்த், சிக்னல் என்று நான்கு உண்டு. அந்தச் சிக்னல் எர்த்தை மறந்துவிட்டு மூன்று வயர் மட்டும் கொடுத்தவர்களுக்குப் பொறி வந்தும் வராமலும் ஆட்டம் காட்டும். இவ்வகைக் காயில்களைப் பெரிய மின்னோட்டம் தாங்கும் டிரைவர் பின்னில் இணைக்காமல், லாஜிக் நிலைச் சிக்னல் பின்னில் இணைக்க வேண்டும்.

அடுத்தது அவுட்புட் முனைமாற்றம். இந்த ஓர் அமைப்பு மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதல் கவனத்துக்கு உரியது. பெரும்பாலான ஸ்மார்ட் காயில்கள் சிக்னல் உயரும்போது சார்ஜ் ஆகத் தொடங்கி, இறங்கும்போது பொறி தருகின்றன. இசியூவில் இதற்கு நேர்மாறாகத் தேர்ந்தெடுத்திருந்தால், காயில் ட்வெல் நேரத்தைத் தவிர மற்ற எல்லா நேரமும் மின்னோட்டத்தைச் சுமக்கும். சாவியை ஆனில் வைத்த அரை நிமிடத்தில் காயிலின் முதுகு கைக்குச் சூடாகத் தெரிந்தால், உடனே சாவியை அணைத்துவிட்டு இந்த அமைப்பைப் பாருங்கள். சோதனைக்காக இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது காயிலையும் இக்னைட்டரையும் கொல்லும் வழி. கையேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சிக்னல் பின்னை மல்டிமீட்டரால் அளந்து, ஒன்றும் வரவில்லை என்று முடிவு கட்டுவதும் பரவலான தவறு. 200 ஆர்பிஎம்மில், வரிசைமுறை அமைப்பில், ஒரு காயிலுக்கு 600 மில்லிவிநாடிக்கு ஒரு முறைதான் துடிப்பு வருகிறது. ட்வெல் 4 மில்லிவிநாடி என்றால், 5 வோல்ட் சிக்னலின் சராசரி 0.03 வோல்ட் மட்டுமே. மீட்டர் அதைப் பூஜ்யம் என்றே காட்டும். ஒரு எல்இடியோடு 1 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடராக இணைத்துச் சிக்னலுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தால், நிழலில் அதன் சிறு சிமிட்டல் தெளிவாகத் தெரியும். பழைய பல்ப் டெஸ்டரை இங்கே வைக்காதீர்கள். அது இழுக்கும் மின்னோட்டத்தை லாஜிக் பின் தாங்காது. எல்இடி சிமிட்டியும் பொறி இல்லையென்றால், காயிலின் சப்ளையும் எர்த்தும் சுமை உள்ளபோது நிற்கின்றனவா என்று அளந்து, அதன்பிறகே காயிலைச் சந்தேகியுங்கள்.

செகண்டரி பக்கம் சொல்ல அதிகம் இல்லை. செகண்டரியை ஓம் அளந்து காயிலைத் தீர்மானிக்க முடியாது, ஏனெனில் பிளக் மேல் அமரும் பல காயில்களுக்குள் டையோடு இருக்கிறது. ரெசிஸ்டர் இல்லாத பிளக்குகளைப் பயன்படுத்தினால் அவற்றின் இரைச்சலில் இசியூ ரீசெட் ஆகி, ஓரிரு பொறிகளுக்குப் பின் நின்றுவிடக்கூடும். காற்றில் 1 மில்லிமீட்டரில் பாயும் பொறி, கம்பிரஷன் உள்ள சிலிண்டரில் பாயாது. டெஸ்டரில் 6 மில்லிமீட்டராவது தாண்ட வேண்டும்.

பொறி வந்த பிறகு

இன்ஜெக்டர்களை மாட்டுவதற்கு முன் இக்னிஷன் டைமிங்கை அமைப்பில் 10 பாகையில் நிலைநிறுத்தி, முதல் சிலிண்டரில் டைமிங் லைட்டை மாட்டி, எஞ்சினைச் சுழற்றிப் புல்லியின் குறியைப் பாருங்கள். குறி 10 பாகையில் நிற்காவிட்டால் டிரிகர் ஆஃப்செட்டை (விடுபட்ட பல்லுக்கும் முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கும் உள்ள கோணம்) மாற்றி அங்கே கொண்டுவாருங்கள். கண்ணளவைக் கொண்டு ஊகிப்பதற்கு இதில் இடமே இல்லை, ஏனெனில் கம்பிரஷன் முடிவதற்கு வெகு முன்னதாக வரும் பொறி ஸ்டார்ட்டரின் பற்களையே உடைக்கக்கூடும். குறி ஒரே இடத்தில் நிலையாக நின்றபின் அமைப்புக் கோப்பைத் தேதியிட்டுச் சேமித்துக்கொண்டு, வேஸ்டட் ஸ்பார்க்குக்கு மாற்றியிருந்தால் அதை மீட்டுவைத்து, இன்ஜெக்டர்களை இணைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் டைமிங் லைட்டை மறுபடி பிடித்து, 1000 ஆர்பிஎம்மிலும் 3000 ஆர்பிஎம்மிலும் நிலைநிறுத்திய 10 பாகை நகராமல் இருக்கிறதா என்று பாருங்கள்; வேகம் கூடும்போது குறி பின்வாங்கினால் விஆர் சென்சாரின் முனைமாற்றத்தையும், இசியூவின் டிரிகர் விளிம்புத் தேர்வையும் மீண்டும் ஒருமுறை சரிபார்த்த பிறகே நிலைநிறுத்திய டைமிங்கை விடுவியுங்கள்.